கன்றுக்குட்டி கற்றுத் தரும் கணக்கு!

"சங்கம், கூட்டம் என்று சுற்றினால் படிப்பு என்ன ஆகும்?"

பிள்ளைகளைப் பெற்றவர்கள் இப்படிக் கேட்பது வழக்கம். அமெரிக்காவில் ஒரு மாணவர் சங்கம் இதற்குப் பதில் சொல்கிறது.

33 பேர்

1928-ம் ஆண்டு. கன்சாஸ் சிட்டி நகரில் 18 மாநிலங்களைச் சேர்ந்த 33 மாணவர்கள் கூடினார்கள். எல்லோரும் உயர்நிலைப் பள்ளியில் விவசாயம் படித்தவர்கள். அன்று பிறந்ததுதான் "வருங்கால விவசாயிகள் சங்கம்". இன்று அதில் 10 லட்சத்துக்கு மேற்பட்ட அங்கத்தினர்கள்!

முதலில் எல்லோருக்கும் கதவு திறக்கவில்லை. நீக்ரோ மாணவர்கள் என்று அன்று அழைக்கப்பட்ட கறுப்பின மாணவர்களுக்குத் தனிச் சங்கம் இருந்தது. 1965-ல்தான் இரண்டும் ஒன்றாயின. மாணவிகளை 1969-ல்தான் சேர்த்துக்கொண்டார்கள்.

என்ன செய்கிறார்கள்?

வகுப்பில் பாடம் படித்தால் மட்டும் போதாது. ஒவ்வொருவரும் சொந்தமாக ஒரு வேலை செய்ய வேண்டும். ஒருவர் கன்று வளர்ப்பார். இன்னொருவர் காய்கறி பயிரிடுவார். நிலம் இல்லாதவர் பண்ணையிலோ கடையிலோ வேலை பார்ப்பார்.

இதற்கெல்லாம் கணக்கு எழுத வேண்டும். தீனிக்கு எவ்வளவு செலவு? கன்றின் எடை எவ்வளவு கூடியது? விற்றால் லாபமா, நஷ்டமா? தன் கன்று, தன் பணம் என்றால் சதவீதக் கணக்கு கசக்குமா?

போட்டிகளும் உண்டு. நான்கு மாடுகளை நிறுத்துவார்கள். எது முதல், எது கடைசி என்று மாணவர் வரிசைப்படுத்த வேண்டும். ஏன் என்று நடுவர் முன் வாய் திறந்து சொல்லவும் வேண்டும். கூச்சப்படும் பிள்ளைக்கும் பேச்சு வந்துவிடும்!

மார்க் கூடுமா?

இப்படித் தொழில் சார்ந்த மாணவர் சங்கங்களைப் பற்றி அமெரிக்காவில் ஓர் ஆராய்ச்சி நடந்தது. அது 2007-ல் வெளியாயிற்று. சங்க வேலைகளில் அதிகமாக ஈடுபட்டவர்களுக்குப் படிப்பில் ஊக்கம் அதிகம், மார்க்கும் அதிகம், கல்லூரிக்குப் போகும் ஆசையும் அதிகம் என்று அது கூறியது. போட்டிகளில் கலந்துகொண்டவர்களுக்கே பலன் மிகுதி.

ஆனால், ஒன்றை மறக்கக் கூடாது. ஏற்கெனவே ஆர்வம் உள்ள பிள்ளைகளே இத்தகைய சங்கங்களில் முன்னால் நிற்பதும் உண்டு. பெயர் கொடுத்தால் மட்டும் மார்க் வந்துவிடாது. இறங்கி உழைக்க வேண்டும்.

உங்கள் பிள்ளை கோழி வளர்க்க வேண்டும், தோட்டம் போட வேண்டும் என்று கேட்கிறானா? "படிப்பு கெடும்" என்று உடனே தடுக்காதீர்கள்.

"ஒழுங்காகக் கணக்கு எழுதுவாயா?" என்று கேளுங்கள்!