பீரும் விஸ்கியும் பிரியும் இடம்

ஸ்காட்லாந்தில் விஸ்கி ஆலையைச் சுற்றிப் பார்க்கப் போகிறவர்கள் பளபளக்கும் செம்புக் கலன்களைப் பார்க்கத்தான் ஆசைப்படுவார்கள். அதற்கு முந்தைய கூடத்தில் சற்று நேரம் நிற்பது நல்லது. ஆளை விழுங்கும் ஆழமுள்ள தொட்டிகளில் பழுப்புக் கரைசல் ஒன்று நுரைதள்ளிக்கொண்டிருக்கும். மூடியைத் திறந்து குனிந்தால் கரியமில வாயு மூக்கில் சுரீரென்று ஏறும். பார்லியை ஈஸ்ட் நொதிக்க வைத்த கரைசல் அது. ஆல்கஹால் சுமார் 8 சதவீதம். ஹாப்ஸ் பூ சேராத பீர் என்றே அதைச் சொல்லிவிடலாம்.

விஸ்கியில் உள்ள ஆல்கஹால் முழுவதும் இந்தத் தொட்டியிலேயே உண்டாகிவிடுகிறது. அடுத்த கூடத்துச் செம்புக் கலன் ஒரு சொட்டு ஆல்கஹாலைக்கூட உண்டாக்குவதில்லை. இருப்பதைப் பிரித்தெடுக்கிறது, அவ்வளவுதான். பீருக்கும் வடித்த மதுவுக்கும் உள்ள வித்தியாசத்தில் இதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். இலங்கையில் தென்னங்கள்ளை வடித்துச் சாராயம் எடுப்பதும் இதே முறைதான்: கள் பீரின் இடத்தில், சாராயம் விஸ்கியின் இடத்தில்.

பார்லி மணியில் இருப்பது மாவுச்சத்து. ஈஸ்டுக்கு மாவு ஆகாது, சர்க்கரை வேண்டும். அதனால் பார்லியை ஊறவைத்து முளைகட்ட விடுகிறார்கள். முளைக்கும்போது மாவைச் சர்க்கரையாக உடைக்கும் நொதிகள் மணிக்குள் உருவாகும். முளை பெரிதாகுமுன் சூடுகாட்டி உலர்த்திவிட்டால் அதுதான் மால்ட். ஹார்லிக்ஸ் புட்டியைத் திறந்ததும் வருகிற மணம் இதனுடையதுதான். மால்ட்டை நொறுக்கி 65 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெந்நீரில் கலக்கினால் நொதிகள் வேலையைத் தொடங்கி, சில மணி நேரத்தில் தித்திப்பான சாறு கிடைக்கும்.

முதல் பிரிவு இங்கே நடக்கிறது. பீர் ஆலையில் அந்தச் சாற்றை ஹாப்ஸ் பூவோடு சேர்த்து ஒரு மணி நேரம் போலக் கொதிக்க வைப்பார்கள். ஹாப்ஸ் கசப்பைத் தருகிறது, கெட்டுப்போகாமலும் காக்கிறது. கொதியில் நொதிகள் செத்துவிடுவதால் உடைபடாத மாவுத் துணுக்குகள் அப்படியே நின்று பீருக்கு நாக்கில் ஒரு கனத்தைக் கொடுக்கின்றன. விஸ்கி ஆலையில் கொதிக்க வைப்பதே இல்லை. நொதிகள் உயிரோடு இருந்து கடைசித் துணுக்கு வரை உடைத்துக்கொண்டே இருக்கும். தயிரைப் புளிக்க வைக்கும் லாக்டிக் அமில பாக்டீரியாக்களின் இனத்தவையும் தொட்டியில் வளர்ந்து தம் பங்குக்குப் பழ வாசனையைக் கூட்டும்.

ஈஸ்டுக்கு ஓர் எல்லை உண்டு. தான் உண்டாக்கிய ஆல்கஹாலே அதற்கு நஞ்சு. 15 சதவீதத்தைத் தாண்டினால் பெரும்பாலான ஈஸ்ட் வகைகள் ஓய்ந்துவிடும். அதற்கு மேலே போகவேண்டும் என்றால் நெருப்பு வேண்டும்.

ஆல்கஹால் 78.3 டிகிரியில் கொதிக்கும், தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். ஆகவே 78-ஐத் தொட்டதும் ஆல்கஹால் மட்டும் பறந்து தண்ணீர் தங்கிவிடும் என்றே பலரும் நினைத்திருக்கிறோம். பள்ளிப் பாடமும் ஏறக்குறைய அப்படித்தான் விட்டுவிட்டது. உண்மையில் இரண்டும் கலந்த திரவம் இடைப்பட்ட ஒரு வெப்பத்தில் கொதிக்கிறது. தொட்டியில் நொதித்த 8 சதவீத ஊறல் கொதிப்பது 93 டிகிரிக்கும் மேலே. கிளம்பும் ஆவியில் தண்ணீரும் இருக்கும். ஆனால் திரவத்தில் இருந்ததைவிட ஆல்கஹாலின் பங்கு பல மடங்கு கூடியிருக்கும். முதல் ஆவியைக் குளிரவைத்தால் கிட்டத்தட்ட பாதி ஆல்கஹால். கலனில் ஆல்கஹால் குறையக் குறைய ஆவியும் நீர்த்துக்கொண்டே வரும். கடைசிவரை சேர்த்துப் பிடித்தால் மொத்தத்தில் 20 முதல் 25 சதவீதம் தேறும். அதை இரண்டாவது கலனில் ஊற்றி மறுபடி வடித்தால் 70 சதவீதத்தை எட்டலாம்.

எத்தனை தரம் வடித்தாலும் நூறை எட்டமுடியாது என்பதையும் சொல்லவேண்டும். எடையில் 95.6 சதவீதம் வந்ததும் ஆவியும் திரவமும் ஒரே விகிதத்துக்கு வந்துவிடுகின்றன. அதற்குமேல் கொதிக்க வைத்துப் பயனில்லை.

இரண்டாம் வடிப்பில்தான் ஆளின் திறமை தெரியும். முதலில் வருவது காட்டமான நெடியுள்ள பகுதி, அது தலை. கடைசியில் வருவது ஈரச் சாக்கு வாடையடிக்கும் கனத்த எண்ணெய்ப் பகுதி, அது வால். நடுப்பகுதிதான் விஸ்கி ஆகும். தலையும் வாலும் அடுத்த வடிப்புக்குத் திரும்பிப் போகும். வடிப்பவர் இதைச் சுவைத்துப் பார்த்துப் பிரிப்பதில்லை. வடிந்து வரும் மது பித்தளைச் சட்டமும் கண்ணாடியும் போட்டுப் பூட்டிய ஒரு பெட்டி வழியாக ஓடும். வரி ஏய்க்க முடியாதபடி அந்தப் பூட்டின் சாவியைப் பல காலம் அரசு அதிகாரியே வைத்திருந்தார். வெளியே இருக்கும் கைப்பிடிகளைத் திருப்பி, உள்ளே மிதக்கும் அடர்த்திமானியைக் கண்ணால் பார்த்தே எப்போது வெட்டுவது என்று முடிவு செய்யவேண்டும். எனக்கு இந்தத் தொழிலில் மிகப் பிடித்த காட்சி இதுதான்.

கலன் செம்பாக இருப்பதும் அழகுக்காக இல்லை. ஆவியில் உள்ள கந்தகச் சேர்மங்களைச் செம்பு பிடித்துக்கொள்ளும். எஃகுக் கலனில் வடித்தால் அவை மதுவிலேயே தங்கி நாறும்.

பறக்காதவை எல்லாம் கலனின் அடியில் தங்கிவிடுகின்றன: சர்க்கரை மிச்சம், புரதம், நிறம். அதனால்தான் வடித்து வந்த மது தண்ணீர் போலத் தெளிவாக இருக்கிறது. விஸ்கியின் பொன்னிறம் ஓக் பீப்பாயிலிருந்து வருவது. சிலவற்றில் கருக்கிய சர்க்கரையும் சேரும். ஸ்காட்ச் என்று பெயர் போட மூன்று ஆண்டாவது பீப்பாயில் கிடந்திருக்கவேண்டும். பீர் நாள்பட்டால் கெடும், விஸ்கி கெடாது. அந்த அளவு ஆல்கஹாலில் எந்தக் கிருமியும் வளராது.

நம் ஊர்ப் பிராண்டுகளில் பலவற்றுக்கு இந்தக் கதை பொருந்தாது. சர்க்கரை ஆலைக் கழிவான மொலாசஸை நொதிக்க வைத்து, உயரமான தூண் கலன்களில் வாசனையே இல்லாத அளவுக்கு வடித்து, பிறகு மணமும் நிறமும் சேர்த்து விஸ்கி என்று விற்கிறார்கள். தானியத்தில் செய்யாததை ஐரோப்பாவில் விஸ்கி என்று விற்க அனுமதி இல்லை. புட்டியின் மேலிருக்கும் 42.8 என்ற விசித்திர எண் ஆங்கிலேயர் விட்டுப்போன அளவுமுறை. அவர்களின் ‘ப்ரூஃப்’ கணக்கில் 75 என்பது நம் சதவீதத்தில் 42.8.

இதை வைத்து ஒரு கணக்குப் போடலாம். 8 சதவீத ஸ்ட்ராங் பீர், 650 மில்லி புட்டி: உள்ளே 52 மில்லி ஆல்கஹால். 42.8 சதவீத விஸ்கி, 60 மில்லி வீதம் இரண்டு பெக்: 51 மில்லி. இரண்டும் ஒன்றுதான். ‘பீர்தானே, ஒன்றும் செய்யாது’, ‘உடம்புக்குக் குளிர்ச்சி’ என்று சொல்லிக்கொண்டு வெயில் காலத்தில் இரண்டு புட்டி குடிக்கிறவர் நான்கு பெக் விஸ்கி அடித்திருக்கிறார். ஆல்கஹால் சிறுநீரைப் பெருக்கி உடம்பின் நீரை வெளியேற்றும். குளிர்ச்சிக்கு அங்கே வழியில்லை. மது புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1988-இல் அறிவித்தபோது பீருக்கு விலக்கு ஏதும் தரவில்லை.

கள்ளச்சாராயச் சாவு ஒவ்வொன்றுக்குப் பிறகும் ‘வடிப்பதில் ஏதோ பிசகிவிட்டது’ என்ற பேச்சு கிளம்பும். வடிகலன் எதையும் புதிதாக உண்டாக்குவதில்லை என்பது இங்கேயும் பொருந்தும். கொல்வது மெத்தனால் என்ற நச்சு ஆல்கஹால். நொதிக்கும்போது அது பழங்களின் பெக்டினிலிருந்து சிறிதளவு வரும். தானிய ஊறலிலும் வெல்ல ஊறலிலும் அது மிகமிகக் குறைவு. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்ற மெத்தனால், தொழிற்சாலைப் பயன்பாட்டுக்கானது. உடலுக்குள் அது ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பை முதலில் தாக்கும். அதை மாற்றும் அதே நொதிதான் சாதாரண ஆல்கஹாலையும் மாற்றுகிறது. அந்த நொதியை மருந்தால் தடுத்துவிட்டால் மெத்தனால் நஞ்சாக மாறாமல் நிற்கும். டயாலிசிஸ் செய்து அதை வெளியேற்றலாம். பார்வை மங்குகிறது, வயிறு வலிக்கிறது என்று ஒருவர் சொன்னால் போதை தெளியட்டும் என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோகவேண்டும்.