வண்டியே வீடாக – 9: உமணர் சென்ற வழி

நியூசிலாந்தின் வட தீவையும் தென் தீவையும் பிரிக்கும் குக் நீரிணையை, வண்டியோடு கப்பலேறி ஏறக்குறைய மூன்றரை மணி நேரத்தில் கடந்து, பிக்டன் துறையில் நாங்கள் இறங்கியதோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தேன். அங்கிருந்து தெற்கே செல்லும் முதலாம் எண் நெடுஞ்சாலையில் கண்ட ஓர் உப்பளத்தைப் பற்றி இவ்வாரம் எழுத வேண்டும். ஆனால், இத்தொடரை நான் எழுதிக்கொண்டிருக்கும் மரக்காணத்தைப் பற்றியும், இக்கடற்கரையில் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே மனைவி மக்களோடு வண்டி கட்டிப் புறப்பட்டவர்களைப் பற்றியும் முதலில் சொல்லாவிட்டால், உப்பு விளையும் ஊரைச் சேர்ந்த ஒரு தம்பதி அந்நிய தேசத்து உப்பளத்தின் வேலியோரம் நெடுநேரம் நின்ற காரணம் வாசகர்களுக்கு விளங்காது.

சென்னையிலிருந்து புதுச்சேரிக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகிறவர்கள், மரக்காணத்தை நெருங்கும்போது கண்ணுக்கெட்டிய வரை கண்ணாடி பதித்தாற்போல் பரந்து கிடக்கும் பாத்திகளைக் கண்டிருப்பார்கள். காக்கிநாடாவிலிருந்து கடலை ஒட்டியே வரும் பக்கிங்காம் கால்வாய் இங்கே வந்துதான் முடிகிறது. ஒரு காலத்தில் அக்கால்வாயில் உப்புப் படகுகள் போய்வந்தன. ஓய்மா நாட்டு நல்லியக்கோடனுக்கு உரியதாகச் சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் இவ்வூரே என்பது ஆராய்ச்சியாளர் பலரின் அபிப்பிராயம். பூமீசுவரர் கோயிலின் சோழர் காலக் கல்வெட்டுகளிலும் உப்பளங்களைப் பற்றிய செய்தி வருகிறது. ஆகவே, இம்மண்ணில் உப்பு விளைவது நேற்று இன்று ஏற்பட்ட தொழில் அன்று.

நெய்தல் நிலத்தில் விளைந்த உப்பை உள்நாட்டுக்குக் கொண்டு சென்று, நெல்லுக்கு மாற்றி வந்த வணிகர்களை உமணர் என்று சங்க நூல்கள் குறிப்பிடுகின்றன. அவர்கள் தனித்தனியே போனவர்கள் அல்லர். வரிசை வரிசையாக மாட்டு வண்டிகளைக் கட்டிக்கொண்டு, குடும்பங்களை உடன் அழைத்துக்கொண்டு, மேடும் பள்ளமும் காடும் ஆறும் கடந்து நெடுவழி சென்றவர்கள். கைக்குழந்தையோடு வண்டியின் முன்புறம் அமர்ந்து பெண்ணே எருதுகளை ஓட்டுவதையும், காடி வைத்த பானை கயிற்றில் கட்டித் தொங்குவதையும் பெரும்பாணாற்றுப்படை வருணிக்கிறது. பள்ளத்தில் இறங்கி அச்சு முறிந்தால் வழியில் நிற்க நேராதபடி, வண்டியின் அடியில் சேம அச்சு ஒன்றைக் கட்டிவைத்திருந்ததைப் புறநானூற்றில் ஔவையார் பாடியிருக்கிறார். இவர்களோடு பிள்ளைகளைப் போலவே வளர்ந்து பிரயாணம் செய்த மந்தியைக்கூடச் சிறுபாணாற்றுப்படைப் புலவர் விட்டுவைக்கவில்லை. சமையல், குழந்தை, வளர்ப்புப் பிராணி, அவசரத்துக்கான உதிரிப் பொருள் ஆகிய யாவும் ஒரு வண்டிக்குள் அடங்கிய இல்லறம் தமிழர்களுக்குப் புதிதன்று என்பதற்கு இதைவிட வேறு சாட்சியம் வேண்டியதில்லை.

எங்கள் வண்டியும் ஏறத்தாழ அத்தகையதுதான். பகலில் உண்ணும் மேஜை இரவில் பலகையாகத் தாழ்ந்து படுக்கையாகிவிடும். அதன் எதிரே இரட்டை அடுப்பு, கை கழுவும் சிறு தொட்டி, முழங்கால் உயரத்துக்கு ஒரு குளிர்பெட்டி. பின்புறம், ஒருவர் நுழைந்து திரும்ப மட்டுமே இடமுள்ள கழிப்பறை. சென்னையிலிருந்து கொண்டுபோன பருப்புப் பொடியையும் மாவடு ஊறுகாயையும், ஆக்லாந்து விமான நிலையத்தில் ஒளிவு மறைவின்றிப் படிவத்தில் எழுதிக் காட்டிப் பரிசோதனைக்குப் பின் பெற்றுக்கொண்டிருந்தோம். அந்நாட்டின் பயிர்களையும் விலங்குகளையும் நோயிலிருந்து காப்பதற்காக அவர்கள் உணவுப் பண்டங்களைக் கண்டிப்போடு சோதிக்கிறார்கள். அந்த ஊறுகாய் ஜாடி வளைவுகளில் உருளாதபடி, பழைய புடைவைத் துணியைச் சுற்றி அலமாரிக் கம்பியோடு சேர்த்து என் மனைவி கட்டியிருந்த முடிச்சைப் பார்க்கும்போதெல்லாம், உமணப் பெண்ணின் காடிப் பானை என் நினைவுக்கு வந்தது.

இத்தகைய வாசத்தில் தம்பதிகள் முதலில் கற்றுக்கொள்வது ஜலத்தின் கணக்கு. தொட்டியில் எவ்வளவு நீர் மிஞ்சியிருக்கிறது என்பதைச் சுவரில் வரிசையாக எரியும் சிறு விளக்குகள் காட்டும். ஒரு விளக்கு அணைந்தால் ஸ்நானம் சுருங்கும், மற்றொன்று அணைந்தால் பாத்திரம் தேய்ப்பது சுருங்கும். வீட்டில் ஒருவருக்கொருவர் தெரியாமலே செலவாகும் தண்ணீரும் வெளிச்சமும், இங்கே இருவரும் கலந்து பேசி முடிவு செய்ய வேண்டிய குடும்ப விஷயங்களாகிவிடுகின்றன. இந்தப் பழக்கத்திலேயே வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தவர்களும் உண்டு. 1984 அக்டோபரில் ஒரு டொயோட்டா லேண்ட் குரூசரில் புறப்பட்ட எமில் – லிலியானா ஷ்மிட் என்னும் சுவிட்சர்லாந்துத் தம்பதியர், பல பத்தாண்டுகள் அதே வண்டியில் தேசம் தேசமாகப் போய்க் கின்னஸ் சாதனைப் புத்தகத்திலும் இடம் பெற்றார்கள். மரக்காணத்துக்குத் தெற்கே சற்றுத் தொலைவில் இருக்கும் ஆரோவில்லுக்கு, 1969-ஆம் ஆண்டில் பாரிஸிலிருந்து தரை வழியாகவே மோட்டார் வண்டிகளில் ஒரு கூட்டத்தார் வந்து சேர்ந்து, ஆஸ்பிரேஷன் என்னும் குடியிருப்பில் தங்கினார்கள். எனவே, நெடுவழி வந்த வண்டிகளை வரவேற்ற அனுபவம் இக்கரைக்கு உண்டு.

இனி அந்த உப்பளத்துக்கு வருவோம். பிளெனிம் நகரைக் கடந்து, திராட்சைத் தோட்டங்களுக்கு இடையே தெற்கே செல்லும்போது, இடப்புறம் கடலோரத்தில் வெண்மையான குன்றுகள் திடீரென்று எழுந்து நின்றன. மவோரி மக்கள் கபரா தே ஹௌ என்று அழைக்கும் கிராஸ்மியர் ஏரி அது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், ஜார்ஜ் ஸ்கெலரப் என்ற ரப்பர்த் தொழிலதிபர் அந்த ஆழமற்ற உவர் ஏரியை உப்பளமாக்கும் முயற்சியில் இறங்கினார். வெயிலால் உப்பு விளைவிக்கும் இடம் அந்நாட்டில் அது ஒன்றுதான். மழை குறைந்தும் வறண்ட வடமேற்குக் காற்று மிகுந்தும் இருக்கும் பிரதேசம் ஆகையால், ஆண்டுக்குச் சுமார் 60,000 முதல் 70,000 டன் வரை உப்பு அங்கே கிடைக்கிறது.

வேலிக்கு அப்பால் பாத்திகளின் நீர் ரோஜா வர்ணமாக இருந்தது. உவர்ப்பு ஏற ஏறச் செழிக்கும் டூனலியெல்லா என்னும் நுண்பாசியும், உவரிலேயே வாழும் வேறு சில நுண்ணுயிர்களும் தருகிற நிறம் அது. என் மனைவி சற்று நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, “என்னங்க, நம்ம ஊரிலேயும் பதம் வந்தா தண்ணி இப்படித்தானே செவக்கும்” என்றாள். உண்மைதான். கடல் நீர் உவர்ப்பு அளவில் மூன்று, மூன்றரை டிகிரியோடு பாத்திக்குள் வருகிறது. ஒரு பாத்தியிலிருந்து மறு பாத்திக்கு மாறும்தோறும் வெயிலும் காற்றும் அதைச் சுண்டவைக்க, இடையில் ஜிப்சம் படிந்து ஒதுங்கி, இருபத்தைந்து டிகிரியை எட்டியதும் உப்பு பூக்கத் தொடங்குகிறது. அளவுக்கு மேல் சுண்டவிட்டால் மெக்னீசிய உப்புகளும் சேர்ந்து கசப்பு ஏறிவிடுமாதலால், மிஞ்சும் கைப்பு நீரை வெளியேற்றிவிட வேண்டும். சமுத்திரங்களுக்கு அப்பாலும் இந்தச் சாஸ்திரத்தில் ஓர் எழுத்துக்கூட மாறவில்லை.

மாறியிருந்தது மனிதர்களின் நிலைமை. அங்கே ஆண்டுக்கொரு முறை, கோடை முடிந்ததும் இயந்திரங்கள் பாத்தியில் இறங்கி உப்பை வாரிவிடுகின்றன. இங்கேயோ, பங்குனி சித்திரையில் விடிவதற்கு முன்பே இறங்கி, ஆண்கள் பலகையால் இழுத்துச் சேர்க்கும் உப்பைப் பெண்கள் கூடையில் வாரித் தலையில் சுமந்து வரப்பேறி அம்பாரத்தில் கொட்டுகிறார்கள். வெடித்த பாதத்தில் உவர் நீர் பட்டு எரியும் எரிச்சலும், வெண்ணிற உப்பில் பட்டுத் திரும்பும் வெயிலால் கண் கூசுவதும் அவர்களுக்கு அன்றாட அனுபவம். வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் பாத்தியும் இல்லை, கூலியும் இல்லை. அம்மாதங்களுக்காக அரசாங்கம் வழங்கும் 5,000 ரூபாய் நிவாரணம்தான் ஒரு சிறு ஊன்றுகோல்.

ஊர் திரும்பிய பிறகு, எங்கள் வீட்டருகே உப்பு வாரும் ஓர் அம்மாளிடம் என் மனைவி வண்டி வாசத்தைப் பற்றி விஸ்தாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த நாட்டில் பொது இடத்தில் வண்டியை நிறுத்தி இரவு தங்குவதை 2011-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று ஒழுங்குபடுத்துகிறது. 2023-இல் வந்த திருத்தத்தின்படி, கழிப்பறை நிலையாகப் பொருத்தப்பட்ட வண்டிகளே கழிவைத் தாமே தாங்கும் வண்டிகள் என்ற சான்றுக்கு உரியவை. அக்கழிவைச் சேர்ப்பதற்கென்று ஊர் ஊராகத் தனி இடங்களும், பக்கத்திலேயே தண்ணீர்க் குழாயும் அமைத்திருக்கிறார்கள். இவற்றையெல்லாம் பொறுமையாகக் கேட்ட அந்த அம்மாள், “வழிப்போக்கருக்கே இவ்வளவு செஞ்சிருக்காங்களே, அங்க உப்பளத்துல வேலை செய்ற பொம்பளைங்க ஒதுங்கவும் எடம் இருக்குதாம்மா?” என்று கேட்டார். பணியிடத்தில் கழிப்பிடமும் குடிநீரும் அமைத்துத் தருவது அங்கே முதலாளியின் சட்டக் கடமை என்று நான் பதில் சொன்னேன்.

நம் நாட்டிலும் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் தொழிற்சாலைத் தொழிலாளர்க்கு இந்த உரிமையைத் தந்தது. ஆயினும், திறந்த வெளியில், நிழலுக்கு ஒரு மரம்கூட இல்லாத உவர் மண்ணில் வேலை செய்யும் பெண்களுக்கு அது பெரும்பாலும் எட்டாமலே இருக்கிறது. கழிப்பிடம் இல்லாத காரணத்தால் மணிக்கணக்காகத் தண்ணீர் குடிக்காமல் அடக்கிக்கொண்டு வெயிலில் உழைப்பது தேகத்துக்கு எத்தகைய கேடு என்பதை எந்த வைத்தியரும் சொல்லுவார். கேரளம் 2021-இல் வண்டி வீட்டுச் சுற்றுலாவுக்கென்று ஒரு திட்டத்தை அறிவித்தது; தமிழ்நாட்டிலும் இத்தகைய வண்டிகளுக்கு இடம் தர வேண்டும் என்ற பேச்சு வலுத்துவருகிறது. அது நல்ல காரியந்தான், நானும் மனப்பூர்வமாக ஆதரிக்கிறேன். ஆனால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் அதற்காக ஒரு தங்குமிடம் எழும்புமானால், அது உப்பளத்தை ஒட்டியே எழும்ப வேண்டும். அதன் குடிநீரும், நிழலும், பூட்டுள்ள கழிப்பறையும் விடியற்காலை மூன்று மணிக்கே உப்பு வாரும் பெண்களுக்குத் திறந்திருக்க வேண்டும். பிரயாணிகள் அதற்குப் பிறகு சாவகாசமாக எழுந்து வரலாம். இச்சாலையில் போய்வரும் வாசகர்கள், அடுத்த முறை மரக்காணத்தில் வண்டியை நிறுத்திப் பாத்திகளைப் படம் பிடிக்கும்போது, வரப்பில் நிற்கும் பெண்களிடம் இதைப் பற்றி ஒரு வார்த்தை கேளுங்கள்; கேட்டதை உங்கள் சட்டமன்ற உறுப்பினருக்கு ஒரு கடிதமாக எழுதுங்கள்.

(தொடரும்)