குதிரைத் தடமும் வழிப்போக்கரும்

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வயல்கள், மேய்ச்சல் நிலங்கள், சிறு காடுகள் ஆகியவற்றை ஊடறுத்துச் செல்லும் பொதுவழிகளின் மொத்த நீளம் ஏறத்தாழ 2,25,000 கிலோமீட்டர். நிலம் தனியாருடையதாக இருந்தாலும் அந்த வழியே போய்வரும் உரிமை எவருக்கும் உண்டு. அத்தகைய வழிகளை வரைபடத்தில் பதிந்து காக்கும் ஏற்பாட்டை 1949ஆம் ஆண்டின் தேசியப் பூங்காச் சட்டம் செய்தது. ஆயினும் இவற்றில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கே குதிரையில் செல்வோருக்குத் திறந்துள்ளது. மஞ்சள் அம்புக்குறியிட்ட நடைபாதையில் உரிமையாளரின் இசைவின்றிக் குதிரையைச் செலுத்துவது அத்துமீறலாகும். நீல அம்புக்குறியிட்ட 'பிரிடில்வே' எனப்படும் குதிரைத் தடத்திலோ நடப்போர், குதிரையேறிகள், மிதிவண்டியினர் ஆகிய மூவருக்கும் இடமுண்டு. ஸ்காட்லாந்து இதனினும் தாராளமானது: அங்கே 2003ஆம் ஆண்டின் நிலச் சீர்திருத்தச் சட்டம், பொறுப்புடன் நடந்துகொள்ள வேண்டும் என்ற நிபந்தனையுடன், பெரும்பாலான திறந்தவெளிகளில் குதிரையில் செல்லவும் உரிமை அளிக்கிறது.

உரிமையைச் சட்டம் வகுத்துவிட்டது. அதனைப் பிறருக்கு இடையூறின்றிப் பயன்படுத்துவது எவ்வாறு என்பதற்கு விடை குதிரையின் இயல்பில்தான் இருக்கிறது. குதிரை வேட்டையாடப்பட்டு வந்த விலங்கு. ஐயம் தோன்றியவுடன் ஓடிவிடுவதே அதன் தற்காப்பு. கண்கள் தலையின் இருபக்கமும் அமைந்திருப்பதால் ஏறத்தாழச் சுற்றிலும் பார்க்க இயலும் அவ்விலங்கிற்கு, நெற்றிக்கு நேர் முன்னும் வாலுக்கு நேர் பின்னும் மட்டும் பார்வை எட்டுவதில்லை. ஓசையின்றிப் பின்னால் வரும் மிதிவண்டி அதனை மிரளச் செய்வதற்குக் காரணம் இதுவே. 1968ஆம் ஆண்டின் சட்டம் மிதிவண்டியினரைக் குதிரைத் தடங்களில் அனுமதித்தபோதே, நடப்போருக்கும் குதிரையேறிகளுக்கும் அவர்கள் வழிவிட வேண்டும் என்று விதித்தது. எனினும் தொலைவிலிருந்தே குரல் கொடுத்துவிட்டு, குதிரையேறியின் மறுமொழி கிடைத்தபின் கடந்து செல்லும் வழக்கம் அவ்விதியைவிடப் பயன் மிக்கது எனலாம்.

தடத்தில் வலியவர் குதிரையேறியே. ஏறத்தாழ 500 கிலோ எடையுள்ள விலங்கு எதிரே விரைந்து வரும்போது, குதிரையோடு பழகாதவர் அஞ்சுவது இயல்பு; ஆகவே மனிதரைக் கண்டவுடன் குதிரையை நடைக்குக் கொண்டுவருவதும், இரண்டொரு சொல் பேசிக் கடப்பதும் முதல் கடமை. சினை ஆடுகள் மேயும் இடத்தில் நாலுகால் பாய்ச்சலில் செல்வது மந்தையைச் சிதறடிப்பதோடு கருச்சிதைவுக்கும் இடமாகக் கூடும். மண்ணின் நிலையும் கருதத்தக்கது. மழையில் ஊறிய களிமண்ணில் லாடமிட்ட குளம்புகள் பதிக்கும் குழிகள் பின்னர் இறுகிவிட, அங்கே நடப்பவரின் கணுக்கால்கள் பிசகுகின்றன. சேற்றைத் தவிர்க்க எண்ணிப் பயிருக்குள் இறங்கினாலோ தடம் அகன்று, உழவரின் விளைச்சல் குறைகிறது. மழைக்காலத்தில் வேறு வழியைத் தேர்வதே நன்று. அது இயலாதபோது ஒருவர் பின் ஒருவராக, மெதுநடையில் செல்லலாம்.

வேலிக்கதவைப் பற்றியும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். திறந்திருந்ததைத் திறந்தபடியும் மூடியிருந்ததை மூடியும் விட்டுச்செல்வதே பொது விதி. கால்நடைகள் தண்ணீருக்குச் செல்வதற்காகவே உழவர் ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கக் கூடும். கூட்டமாகச் செல்வோர், கடைசியாக வருபவர் கதவை மூடி முடிக்கும் வரை நின்றிருப்பார்கள். துணைக் குதிரைகள் விலகிச் செல்வதைக் கண்டால் பின்தங்கிய குதிரை பதற்றமடைந்து கதவருகே நில்லாமல் பாயும் என்பதே அதற்குக் காரணம்.

தடத்தில் வலியவராக இருந்த குதிரையேறியின் நிலை சாலையில் தலைகீழாகிறது. ஊர்ப்புறத் தடங்கள் ஆங்காங்கே அறுந்து கிடப்பதால், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லப் பலர் தார்ச்சாலையில் இறங்கியே ஆக வேண்டும். 2022 ஜனவரியில் திருத்தப்பட்ட பிரிட்டனின் சாலை விதித்தொகுப்பு, மிகுந்த தீங்கு விளைவிக்க வல்லவருக்கே மிகுந்த பொறுப்பு என்ற நெறியை முதலில் வைத்தது. அதன்படி குதிரையைக் கடக்கும் வாகனம் மணிக்கு 16 கிலோமீட்டருக்கு மேற்படாத வேகத்தில், குறைந்தது இரண்டு மீட்டர் இடைவெளி விட்டுச் செல்ல வேண்டும். அதே நெறி, நடப்போருக்கு நேரும் ஆபத்தைக் குறைக்கும் பொறுப்பைக் குதிரையேறிமீதும் சுமத்துகிறது. இருவர் இணையாகச் செல்வதைக் கண்டு ஓட்டுநர்கள் சலித்துக்கொள்வதுண்டு. ஆனால் அனுபவமற்ற குதிரைக்கும் வாகனங்களுக்கும் நடுவே பழகிய குதிரை ஒன்றை நிறுத்துவது பாதுகாப்பிற்காகவே. எனினும் வளைவுகளிலும் குறுகிய சாலைகளிலும் அவர்கள் ஒற்றை வரிசைக்கு மாறிவிட வேண்டும். வேகம் தணித்த ஓட்டுநருக்குக் கையுயர்த்தி நன்றி சொல்வது வழக்கம். குதிரை துடிப்பாக இருக்கையில் இரு கைகளும் கடிவாள வாரில் இருந்தாக வேண்டியிருப்பதால், தலையசைப்பு மட்டுமே கிடைக்கலாம்.