தோட்டப் பாதைகளும் டீசல் வாகனங்களின் இரண்டாவது தாங்கியும்

பதுளை மாவட்டத்தின் அன்றாட வாழ்வு டீசல் வாகனங்களையே நம்பியிருக்கிறது என்று கூறினால் அது மிகையாகாது. மடுல்சீமை, நமுனுகுல, ஹப்புத்தளை மலைகளில் பறிக்கப்படும் கொழுந்து லொறிகளிலேயே தொழிற்சாலையைச் சென்றடைகிறது. வெலிமடையிலும் கெப்பட்டிபொலையிலும் விளையும் மரக்கறி கன்ரர் வாகனங்களிலேயே கொழும்புக்குப் போகிறது. பதுளை, பண்டாரவளை, குருத்தலாவை ஆகிய இடங்களின் தமிழ், முஸ்லிம் வர்த்தகர்கள் பலர் தமது சேமிப்பின் பெரும்பகுதியை ஒரு லொறியிலோ ஒரு கெப் வாகனத்திலோ முதலிட்டவர்கள். தோட்டத்தில் ஒருவர் திடீரென நோயுற்றால் அவரை வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்வதும் பல வேளைகளில் இத்தகைய வாகனமே.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் பரவலாக அனுமதிக்கப்பட்டது. இடைப்பட்ட ஐந்தாண்டுகளில் உலகின் டீசல் வாகனங்கள் வெகுவாக மாறிவிட்டன. அம்மாற்றங்களுள் ஒன்று, டீசல் தாங்கிக்குப் புறம்பாக வாகனத்தில் இடம்பெறும் இரண்டாவது தாங்கியாகும். நீல நிற மூடியைக் கொண்ட இத்தாங்கியில் ஊற்றப்படுவது எரிபொருளன்று. அட்புளூ என்ற வர்த்தகப் பெயரால் பரவலாக அறியப்படும் யூரியாக் கரைசலாகும். இத்தாங்கி வாகனத்தின் எப்பகுதியில் பொருத்தப்பட்டிருக்கிறது என்பது சிறிய விடயமாகத் தோன்றலாம். ஆயினும் ஊவாவின் தோட்டப் பாதைகளில் ஓடும் வாகனத்தைப் பொறுத்தவரை அதன் ஆயுளையும், பாதையோர லயன்களில் வாழ்வோர் சுவாசிக்கும் காற்றையும் நிர்ணயிக்கும் விடயங்களுள் அதுவும் ஒன்றாகும்.

யூரியா எதற்காக?

டீசல் இயந்திரத்தினுள் நிலவும் உயர் வெப்பத்தில், காற்றிலுள்ள நைதரசனும் ஒட்சிசனும் இணைந்து நைதரசன் ஒட்சைட்டுகள் உருவாகின்றன. கரும்புகையைப் போல இவை கண்ணுக்குத் தெளிவாகத் தென்படுவதில்லை. எனினும் மூச்சுக்குழாயை உறுத்தி ஆஸ்துமாவைத் தீவிரமாக்கக் கூடியவை. டீசல் புகை மனிதரில் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2012 ஜூன் மாதத்தில் வகைப்படுத்தியதும் இங்கு நினைவுகூரத்தக்கது.

இந்த ஒட்சைட்டுகளைக் குறைப்பதற்காகப் புகைக்குழாயினுள் யூரியாக் கரைசல் நுண்ணிய துளிகளாக விசிறப்படுகிறது. வெப்பத்தில் யூரியா அமோனியாவாக மாறுகிறது. அடுத்துள்ள ஊக்கி அறையில் அமோனியாவும் நைதரசன் ஒட்சைட்டும் தாக்கமுற்று, தீங்கற்ற நைதரசன் வாயுவாகவும் நீராவியாகவும் வெளியேறுகின்றன. 100 லீற்றர் டீசல் எரியும்போது ஏறத்தாழ 3 முதல் 6 லீற்றர் வரையான கரைசல் செலவாகும்.

ஜப்பானில் 2004 ஆம் ஆண்டில் நிசான் டீசல் நிறுவனத்தின் குவோன் லொறியில் இம்முறை புகுத்தப்பட்டது. நம்மவர் நன்கறிந்த கன்ரர் வாகனத்தின் ஜப்பானிய மாதிரிகளில் 2010 இன் பிற்பகுதியில் இது இடம்பெற்றது. அமெரிக்காவில் 2010 இல் கட்டுப்பாடு இறுக்கமடைந்ததை அடுத்து, போர்ட் சூப்பர் டியூட்டி, ஷெவ்ரலே சில்வராடோ போன்ற கனரக பிக்கப் வாகனங்களின் 2011 மாதிரிகள் இத்தாங்கியுடன் வெளிவந்தன. இந்தியாவில் 2020 ஏப்ரல் 1 ஆம் திகதி பாரத் 6 தரம் நடைமுறைக்கு வந்தபின் கனரக லொறிகளும் பஸ்களும் யூரியாக் கரைசலுடன் ஓடுவது வழமையாகிவிட்டது.

இலங்கை 2018 ஜூலை முதல் யூரோ 4 தரத்தை இறக்குமதிக்கு விதித்தது. அத்தரத்துக்கு அமைந்த கெப் வாகனங்கள் பலவற்றில் இத்தாங்கி இல்லை. ஆனால் யூரோ 6 அல்லது அதற்கு இணையான தரமுள்ள நாடுகளின் சந்தைக்கெனத் தயாரிக்கப்பட்ட டீசல் வாகனங்களிலும், ஜப்பானில் பாவிக்கப்பட்டபின் இங்கு வரும் லொறிகளிலும் அது இருக்கக்கூடும். எனவே வாங்குபவர் இதைப் பற்றி முன்கூட்டியே அறிந்திருத்தல் அவசியமாகும்.

தாங்கி எங்கே தொங்குகிறது?

பிக்கப் வாகனமொன்றில் இயந்திரம், சாரதி ஆசனப் பகுதி, பெட்டி, டீசல் தாங்கி, மேலதிகச் சில்லு என்பன ஏற்கனவே இடத்தைப் பிடித்திருக்கின்றன. இவற்றுக்கிடையே புதிதாக ஒரு தாங்கியைப் புகுத்துவது வடிவமைப்பாளர்களுக்கு இலகுவான காரியமாக இருக்கவில்லை. சில மாதிரிகளில் அது சாரதி ஆசனப் பகுதியின் அடியில், அடிச்சட்டத்துக்கு வெளிப்புறமாகத் தொங்குகிறது. வேறு சிலவற்றில் பின்பெட்டியின் கீழ் டீசல் தாங்கியை அண்டி இருக்கிறது. கரைசலை ஊற்றும் வாயும் ஒரே இடத்தில் இல்லை. சிலவற்றில் அது முன்மூடியின் கீழே இருக்கும். சிலவற்றில் டீசல் ஊற்றும் வாயின் அருகிலேயே ஒரே கதவினுள் இருக்கும்.

குளிர் நாடுகளில் இத்தாங்கிக்குச் சூடேற்றும் அமைப்பு இன்றியமையாதது. ஏனெனில் இக்கரைசல் மறை 11 பாகை செல்சியஸில் உறைந்துவிடும். ஊவாவில் அந்தக் கவலை இல்லை. ஹப்புத்தளையின் மார்கழிக் குளிர் கூட இந்த எல்லையை நெருங்குவதில்லை. இங்குள்ள ஆபத்துகள் வேறு வகையானவை.

முதலாவது ஆபத்து நிலத்திலிருந்து வருவது. கல் பதித்த தோட்டப் பாதைகளில் சில்லுகள் பதிந்து இருபுறமும் பள்ளமாக, நடுப்பகுதி மேடாக எஞ்சிநிற்கும். வளைவுகளில் எதிரே வரும் வாகனத்துக்கு வழிவிட ஒதுங்கும்போது ஒரு பக்கச் சில்லு கானுக்குள் இறங்கும். அத்தருணத்தில் அடிச்சட்டத்துக்குக் கீழே தாழ்ந்து தொங்கும் பிளாஸ்ரிக் தாங்கியே முதலில் கல்லில் மோதும். இத்தாங்கியினுள் பம்பி, கரைசலின் மட்டத்தையும் தரத்தையும் அறியும் உணரிகள் என்பன பெரும்பாலும் ஒரே தொகுதியாக அமைந்திருப்பதால், ஒரு வெடிப்பைச் சீர்செய்வது வெறும் தாங்கியை மாற்றுவதோடு முடிந்துவிடாது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி பதுளை மாவட்டத்தை உலுக்கி, மண்சரிவுகளால் பாதைகளைச் சிதைத்தபோது, அடிப்பகுதி உயர்ந்த வாகனம் எத்துணை அவசியம் என்பதை எல்லோரும் கண்டனர்.

இரண்டாவது ஆபத்து வெப்பம். இக்கரைசல் 25 பாகையில் ஏறத்தாழ 18 மாதங்கள் பழுதடையாமல் இருக்கும். 35 பாகையில் இக்காலம் 6 மாதங்களாகக் குறைந்துவிடும். மலையேறும் வாகனத்தின் புகைக்குழாய் கடுமையாகச் சூடேறும். அதற்கு மிக அண்மையில், வெப்பத் தடுப்புத் தகடின்றித் தாங்கி அமைந்திருப்பின் கரைசல் விரைவில் தரமிழக்கும். பண்டாரவளையில் தங்கும் வாகனத்தை விட, வெல்லவாய, மொனறாகலைப் பக்கம் ஓடும் வாகனத்துக்கு இது முக்கியமாகும்.

மூன்றாவது ஆபத்து மனிதத் தவறு. ISO என்ற சர்வதேச நியம அமைப்பின் ஏற்பாட்டின்படி இக்கரைசலை நிரப்பும் குழாய் முனையின் விட்டம் 19 மில்லிமீற்றர். டீசல் குழாய் முனை அதைவிடப் பெரிது. ஆகவே டீசல் குழாயை நீல மூடித் தாங்கியில் நுழைக்க முடியாது. ஆனால் சிறிய முனை பெரிய வாய்க்குள் தாராளமாக நுழையும் என்பதை மறக்கலாகாது. அதற்காகவே தாங்கியின் வாயில் காந்த வளையம் ஒன்றை அமைத்து, அக்காந்தம் இல்லாத இடத்தில் கரைசல் பாயாதவாறு குழாய் முனையைத் தயாரிக்கிறார்கள். ஆயினும் கலனிலிருந்து புனல் வைத்து ஊற்றும் இடத்தில் இந்தப் பாதுகாப்புகள் எவையும் பயன்தரா. 2022 இன் எரிபொருள் நெருக்கடியில் டீசலைப் பிளாஸ்ரிக் கலன்களில் சேமித்த பழக்கம் நம்மிடையே உண்டு. இரு வாய்களும் அருகருகே இருக்கும் வாகனத்தில், இரவு வேளையில், கலனை மாற்றி ஊற்றுவதற்கு ஒரு கணமே போதும்.

டீசல் தாங்கியினுள் யூரியாக் கரைசல் சென்றால் அது பம்பியையும் உட்செலுத்திகளையும் அரித்து, பளிங்குப் படிவுகளால் அடைத்துவிடும். கரைசல் தாங்கியினுள் சிறிதளவு டீசல் சென்றாலும் அதன் இறப்பர் பாகங்களும் ஊக்கியும் பழுதடையும். தவறு நேர்ந்ததை உணர்ந்தால் இயந்திரத்தை இயக்காமலும் சாவியைத் திருப்பாமலும் தாங்கியைக் கழற்றிச் சுத்திகரிப்பதே ஒரே வழியாகும்.

உர மூட்டை மாற்றாகுமா?

தோட்டப் பகுதிகளில் எழக்கூடிய ஒரு கேள்வியையும் இங்கு தெளிவுபடுத்துவது பொருத்தமானது. களஞ்சியத்தில் யூரியா மூட்டை இருக்கிறது. பீலியில் தண்ணீர் ஓடுகிறது. இரண்டையும் கலந்து ஊற்றினால் என்ன என்பதே அக்கேள்வி. இது வாகனத்தைப் பாழாக்கும் வழியாகும். இக்கரைசலில் யூரியாவின் பங்கு 32.5 வீதம், எஞ்சியது கனிமங்கள் அகற்றப்பட்ட தூய நீர். பையூரெட் என்ற மாசு 0.3 வீதத்தையும், கல்சியம் கிலோவொன்றுக்கு 0.5 மில்லிகிராமையும் தாண்டலாகாது. பயிருக்கிடும் யூரியாவில் பையூரெட் இந்த எல்லையை விடக் கூடுதலாக இருப்பதுடன், மணிகள் கட்டிபடாதிருக்கச் சேர்க்கப்படும் பொருட்களும் உண்டு. ஊற்று நீரின் கனிமங்கள் ஊக்கியின் நுண்துளைகளில் படிந்து அதனைச் செயலிழக்கச் செய்யும்.

விநியோகம் தடைப்பட்டால் என்னவாகும் என்பதற்கு 2021 ஆம் ஆண்டு சாட்சியாகும். அவ்வாண்டு மே மாதத்தில் இலங்கை இரசாயன உர இறக்குமதியைத் தடைசெய்ததும், நவம்பரில் அத்தடையைக் கைவிட்டதும் தேயிலைத் தொழிலாளருக்கு நன்கு தெரியும். அதே ஆண்டின் இறுதியில் சீனா யூரியா ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியபோது, தென் கொரியாவின் டீசல் லொறிகள் கரைசலின்றி நின்றுவிடும் நிலை தோன்றியது. அந்நாடு இராணுவ விமானமொன்றை அவுஸ்திரேலியாவுக்கு அனுப்பிச் சுமார் 27,000 லீற்றர் கரைசலைத் தருவித்தது. கரைசல் தீர்ந்தால் பல வாகனங்களின் கணினி இயந்திரத்தின் வலுவைக் குறைத்துவிடும். சில மீண்டும் இயங்கவே மறுக்கும். பெரகலையிலிருந்து ஹப்புத்தளைக்குப் பாரத்துடன் ஏறும் வாகனத்துக்கு அது எத்தகைய இக்கட்டாகும் என்பதைச் சாரதிகள் அறிவர்.

கழற்றி எறிவது தீர்வல்ல

தாங்கி உடைந்து, செலவு அதிகரிக்கும்போது, இவ்வமைப்பையே செயலிழக்கச் செய்து கணினியை ஏமாற்றும் கருவியைப் பொருத்தும் தந்திரம் பல நாடுகளில் பரவியது. இங்கும் அந்த ஆசை எழலாம். நமது வருடாந்தப் புகைப் பரிசோதனையில் டீசல் வாகனங்களின் புகையினது அடர்த்தியே அளக்கப்படுகிறது. நைதரசன் ஒட்சைட்டு அளக்கப்படுவதில்லை. ஆகவே அமைப்பு அகற்றப்பட்ட வாகனமும் சான்றிதழ் பெற்றுவிடக்கூடும். உரிமையாளருக்கு அது இலாபமாகத் தெரியும். அதன் விலையைச் செலுத்துபவர்களோ, மலைகள் சூழ்ந்த பதுளை நகரத்தின் பஸ் நிலையத்தில் காத்திருக்கும் மாணவர்களும், பாதையோர லயன்களில் கதவைத் திறந்தால் புகையை எதிர்கொள்ளும் குடும்பங்களுமே.

எனவே வாகனம் வாங்க எண்ணுவோர் ஒரு தடவை குனிந்து அதன் அடிப்பகுதியைப் பார்ப்பது நன்று. தாங்கி அடிச்சட்டத்தை விட எவ்வளவு தாழ்ந்திருக்கிறது, உலோகக் காப்புத் தகடு உண்டா, புகைக்குழாயிலிருந்து போதிய தூரம் இருக்கிறதா, ஊற்றும் வாய் டீசல் வாய்க்கு அருகில் இருக்கிறதா என்பவற்றை விற்பனையாளரிடம் கேட்டறிய வேண்டும். தாங்கியைக் கண்டபடி இடம்மாற்றிப் பொருத்துவதை விட, உரிய காப்புத் தகட்டைப் பொருத்துவதே பாதுகாப்பானது. மூடியைத் திறக்குமுன் சேற்றைத் துடைத்தல், கரைசலுக்கென வேறு கலனும் வேறு புனலும் வைத்திருத்தல் போன்ற எளிய பழக்கங்கள் பெரும் செலவைத் தவிர்க்கும். இத்தகைய வாகனங்களுக்குக் கந்தகம் கூடிய டீசல் ஒவ்வாது என்பதால் சுப்பர் டீசலின் மேலதிக விலையையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இறக்குமதியாளர்கள் தமிழ் மொழியிலும் பாவனைக் குறிப்புகளை வழங்குவதும், தரமான கரைசல் பதுளை, பண்டாரவளை போன்ற நகரங்களில் தடையின்றிக் கிடைக்கச் செய்வதும் அவர்களது கடமையாகும். மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களம் தனது பரிசோதனையில் இந்த அமைப்பு உரியவாறு இயங்குகிறதா என்பதையும் சேர்த்துக்கொள்வது குறித்துச் சிந்திக்க வேண்டும். தோட்டப் பாதைகளைச் செப்பனிடும் பொறுப்பை நிறுவனங்களும் உள்ளூராட்சி மன்றங்களும் ஒருவர்மீது ஒருவர் சுமத்திக்கொண்டிருக்கும் வரை, எவ்வளவு சிறந்த தொழில்நுட்பமும் முதற் பள்ளத்திலேயே உடைந்து போகும் என்பதையும் உரியவர்கள் கருத்திற்கொள்வார்களாக.