முதுமையில் தளரா நடை

“ஆச்சி, நீங்கள் எழும்பவேண்டாம், அப்படியே இருங்கோ!” கிணற்றடியில் ஒருமுறை வழுக்கி விழுந்த மூதாட்டிக்கு வீட்டார் அன்போடு இடும் கட்டளை இது. ஆனால், அவ்வன்பே அடுத்த வீழ்ச்சிக்கு வித்தாகிவிடுவதுண்டு. பயன்படாத தசை மெலியும். மெலிந்த கால் உடலைத் தாங்காது.

நியூசிலாந்தின் டனீடின் நகரில், 80 வயதும் அதற்கு மேலுமான பெண்கள் 233 பேரை இரு பிரிவாக்கி ஆராய்ந்தனர். 1997ஆம் ஆண்டில் வெளியான முடிவு நம் கவனத்துக்குரியது. வீட்டிலேயே தேகப்பயிற்சி செய்த பிரிவினர் ஓராண்டில் 88 முறை விழுந்தனர். அப்பயிற்சி பெறாதோரோ 152 முறை விழுந்தனர்.

பயிற்சி கடினமானதன்று. கையூன்றாமல் கதிரையிலிருந்து எழுந்து அமர்தல்; மேசையைப் பிடித்தபடி குதிகால்களை உயர்த்தித் தாழ்த்தல்; ஒரு பாதத்தின் முன் மறுபாதத்தை ஒட்டிவைத்து நடத்தல். வாரத்தில் மூன்று நாள், 30 நிமிடம் போதும். முதலில் வைத்தியரின் ஆலோசனையைப் பெறுக. பின்னர், துணையாக ஒருவர் அருகில் நிற்க, பயிற்சியைத் தொடங்குக.

ஆச்சியை இருத்தி வைப்பதன்று. கைகொடுத்து எழுப்பி நடக்கச் செய்வதே பேரப்பிள்ளைகள் ஆற்றக்கூடிய நற்றொண்டாகும்.