‘தமிழ்’ என்ற சொல்லில் எத்தனை எழுத்து?

“நான் தப்பா, அக்கா?”

நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன் என்னிடம் இப்படிக் கேட்டான். செந்தூலில் சனிக்கிழமை காலையில் நடக்கும் டியூஷன் வகுப்பு ஒன்றுக்கு நான் உதவிக்குப் போவது வழக்கம். பிள்ளைகள் தமிழ்ச் சொற்களை விளையாடிக்கொண்டே பழக வேண்டும் என்று பைத்தான் மொழியில் ஒரு சிறிய நிரல் எழுதியிருந்தேன். கணினி ஒரு சொல்லை மறைத்துவைத்து, எழுத்துக்கு ஒரு கோடு காட்டும். குறிப்பைப் படித்து, எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கண்டுபிடிக்க வேண்டும்.

அன்று மறைந்திருந்த சொல் ‘தமிழ்’. திரையில் ஐந்து கோடுகள். அந்தத் தம்பி ‘த’ என்று தட்டினான். சரி என்றது கணினி. அடுத்து ‘மி’ தட்டினான், தவறு. ‘ழ்’ தட்டினான், அதுவும் தவறு. விடை வெளியானதும் விரல்விட்டு எண்ணினான். “டீச்சர் மூணு எழுத்துன்னுதானே சொல்லிக் கொடுத்தாங்க?” என்றவன், அடுத்துக் கேட்டதுதான் அந்தக் கேள்வி.

தப்பு அவனுடையது அல்ல, என்னுடையது. ஆனால் அவன் தன்னைச் சந்தேகித்தான், டீச்சரைச் சந்தேகித்தான். கணினியை மட்டும் சந்தேகிக்கவில்லை. வீடு திரும்பிய பிறகும் அது என் மனத்தை உறுத்திக்கொண்டே இருந்தது.

மூன்றா, ஐந்தா, பதினைந்தா?

கணினி எழுத்துகளை எண்களாகவே சேமிக்கிறது. உலக மொழிகளின் எழுத்துகளுக்கு எண் வழங்கும் பொதுத் தரம் யூனிகோட். 1991இல் வெளிவந்த அதன் முதல் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. தமிழுக்கு ஒதுக்கப்பட்டவை 128 இடங்கள். நம்மிடமோ 247 எழுத்துகள். உயிர்மெய் 216க்கும் தனித்தனி எண் கிடையாது. ‘மி’ என்பது ‘ம’வுக்கு ஓர் எண், இகரக் குறிக்கு ஓர் எண். ‘ழ்’ என்பது ‘ழ’வுக்கு ஒன்று, புள்ளிக்கு ஒன்று. ஆகவே ‘தமிழ்’ என்ற சொல் கணினிக்குள் ஐந்து எண்கள்.

பைத்தான் 3இல் நீளம் கேட்டால் இந்த ஐந்தைத்தான் சொல்லும். யூடிஎஃப்-8 முறையில் சேமிக்கும்போது ஒவ்வொன்றும் 3 பைட் இடம் பிடிப்பதால், பைட் கணக்கில் அதே சொல் 15. மூன்று, ஐந்து, பதினைந்து மூன்றும் சரியான விடைகளே. எதை எண்ணுகிறோம் என்பதுதான் வேறு. நான்காம் ஆண்டு மாணவனுக்கு வேண்டியது மூன்று. நான் கொடுத்தது ஐந்து.

புதன்கிழமைக் கூட்டம்

எங்கள் பல்கலைக்கழகக் கணினிக் கழகம் புதன்கிழமை இரவுகளில் கூடும். மாணவர் ஒருவர் இருபது நிமிடம் பேசுவார், பிறகு கேள்விகள். என் முறை வந்தபோது, எல்லாரும் பேசுகிறார்களே என்று இயந்திரக் கற்றலைத் தலைப்பாகக் கொடுத்தேன். கழகத் தலைவர் பட்டியலைப் பார்த்துவிட்டு, “இந்த மாதம் நீ உண்மையில் எதில் மாட்டிக்கொண்டு திணறினாய்? அதைப் பேசு,” என்றார். தமிழ் எழுத்துகளை எண்ணுவது யாருக்கு வேண்டும் என்ற தயக்கத்துடன்தான் ஒத்துக்கொண்டேன்.

தமிழ் தெரியாத நண்பர்களுக்கு எப்படிப் புரியவைப்பது? கைப்பேசியில் அப்பா, அம்மா, மகள் சேர்ந்திருக்கும் குடும்பப் படக்குறியை எடுத்துக்கொண்டேன். பார்வைக்கு ஒரே படம். பைத்தானிடம் நீளம் கேட்டால் ஐந்து என்கிறது. மூன்று முகங்கள், அவற்றை ஒட்டும் கண்ணுக்குத் தெரியாத இரண்டு குறிகள். அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள், உடனே புரிந்துகொண்டார்கள். மலாய் நண்பர் ஒருவர், “ஜாவி எழுத்து சொல்லில் நிற்கும் இடத்துக்கு ஏற்ப வடிவம் மாறுகிறதே, அது எப்படி?” என்று கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை. அடுத்த வாரம் அதையே அவர் தன் தலைப்பாக எடுத்துக்கொண்டார்.

அந்த உரைக்காகத் தேடியபோதுதான் ‘ஓப்பன் தமிழ்’ என்ற நிரல் தொகுப்பு கண்ணில் பட்டது. ‘எழில்’ என்ற தமிழ் நிரல்மொழியை உருவாக்கிய முத்து அண்ணாமலையும் நண்பர்களும் திறந்த மூலமாக வளர்த்துவரும் தொகுப்பு அது. ஒரு சொல்லைக் கொடுத்தால், நாம் பள்ளியில் எண்ணுவதுபோலவே எழுத்து எழுத்தாகப் பிரித்துத் தரும்.

இன்னொன்றும் தெரிந்தது. ‘முரசு அஞ்சல்’, ‘செல்லினம்’ ஆகியவற்றைத் தந்த முத்து நெடுமாறன் நம் நாட்டவர். 2001இல் தமிழ் இணைய மாநாடு இதே கோலாலம்பூரில் நடந்திருக்கிறது. 2013இல் மலாயாப் பல்கலைக்கழகத்தில் மீண்டும் நடந்தபோது நான் நான்காம் படிவ மாணவி. சில ரயில் நிறுத்தங்கள் தள்ளி நடந்ததை நான் கேள்விப்படவே இல்லை.

ஐந்து நிமிட மேடை

ஆகஸ்ட் மாதம் ஆசிய பசிபிக் நாடுகளுக்கான பைத்தான் மாநாடு, ‘பைகான் ஏபேக் 2017’, கோலாலம்பூரில் நடந்தது. கழகத்திலிருந்து ஒரு குழுவாகப் போனோம். செந்தூல் தீமோரில் எல்ஆர்டி ஏறி, மஸ்ஜித் ஜாமெக்கில் மாறி, பங்சார் சவுத்துக்குப் பயணம். சீ விளையாட்டுப் போட்டி நடந்துகொண்டிருந்த நேரம். ரயிலில் கொடியோடு நின்றவர்களுக்கு நடுவே நாங்கள் மடிக்கணினிப் பைகளோடு நின்றோம்.

முதல் நாள் கேட்ட உரைகளில் பாதி எனக்குப் புரியவில்லை என்பதை மறைக்க மாட்டேன். புரியாத சொற்களைக் குறித்துவைத்துக்கொண்டு, இடைவேளையில் நண்பர்களிடம் கேட்டேன். பைத்தான் மாநாடுகளில் ‘மின்னல் உரை’ என்று ஒன்று உண்டு. யார் வேண்டுமானாலும் பெயர் கொடுத்து ஐந்து நிமிடம் பேசலாம். இரண்டாம் நாள் என் பெயரை நண்பர்கள் எழுதச் சொன்னார்கள். எழுதினேன், அழித்தேன், மறுபடியும் எழுதினேன்.

மேடையில் என் ஆங்கிலம் இரண்டு இடங்களில் தடுமாறியது. ஆனால் ‘தமிழ்’ என்ற சொல்லும் அந்தத் தம்பியின் கேள்வியும் அரங்கத்துக்குப் புரிந்தன. இறங்கி வந்ததும் தாய்லாந்து நிரலாளர் ஒருவர் தேடி வந்தார். தாய் மொழியிலும் மேலும் கீழும் வரும் உயிர்க்குறிகளுக்குத் தனி எண்தான். நீளம் கேட்டால் அங்கும் இதே குழப்பம் என்றார். நம் வீட்டுப் பிரச்சினை என்று நான் கூச்சப்பட்டது, ஆசியாவில் பலருடைய பிரச்சினையாக இருந்தது.

அடுத்த கேள்வி

அடுத்த சனிக்கிழமை, திருத்திய விளையாட்டோடு வகுப்புக்குப் போனேன். ‘தமிழ்’ மூன்று கோடுகளாக வந்தது. அந்தத் தம்பி திருப்தியாக விளையாடிவிட்டு, ‘கொக்கு’ என்ற சொல்லில் மறுபடியும் கணினியைப் பிடித்தான். ‘கொ’வைச் சரியாகத் தட்டியும் தவறு என்றது.

காரணம் இதுதான். ‘கொ’வின் குறியை ஒரே எண்ணாகவும் சேமிக்கலாம், கொம்பு, கால் என இரண்டு எண்களாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. கணினிக்கு இரண்டும் வேறு சொற்கள். நான் வேறு இடத்திலிருந்து நகலெடுத்த சொற்பட்டியலில் இரண்டாவது வகை இருந்தது. இரண்டையும் ஒரே வடிவமாக்கும் வசதி பைத்தானிலேயே உண்டு. அதுதான் என் அடுத்த புதன்கிழமைத் தலைப்பு.

இம்முறை அவன் ‘நான் தப்பா?’ என்று கேட்கவில்லை. “அக்கா, உங்க கம்ப்யூட்டர் மறுபடியும் தப்பு பண்ணுது,” என்றான்.

இடைநிலைப்பள்ளி நண்பர்களே, உங்கள் பள்ளியில் கணினிக் கழகம் இருந்தால், நீங்கள் திணறிய ஒன்றைப் பத்து நிமிடம் பேசக் கேளுங்கள். கழகம் இல்லையென்றால் நான்கு நண்பர்களும் ஒரு கணினியும் போதும். தலைப்பு கிடைக்கவில்லையா? உங்கள் பெயரைத் தமிழில் தட்டி, அதில் எத்தனை எழுத்து என்று கணினியிடம் கேட்டுப் பாருங்கள்.