பத்தனைப் புல்லில் ஒரு மஞ்சள் ஓர்க்கிட்

கொழும்பிலிருந்து இரத்தினபுரி வழியாக மலையேறி வரும் வீதி பெரகலயில் பிரிகிறது. ஒன்று கொஸ்லந்தைப் பக்கம் இறங்கும்; மற்றது அப்புத்தளை, பண்டாரவளை என்று ஊவா மாகாணத்து மலைகளுக்குள் போகும். தேயிலை ஏறாத மலைச்சரிவுகளில் அங்கே எஞ்சியிருக்கும் புல்வெளிதான் பத்தனை. தரிசு என்று பலரும் ஒதுக்கும் இந்த ஊவாப் பத்தனைகள், உலகில் இலங்கையில் மட்டுமே இயற்கையாக வளரும் ஓர் ஓர்க்கிட்டின் தாய்மண். இப்சியா ஸ்பெசியோசா என்பது அதன் அறிவியல் பெயர். சிங்களத்தில் நாகமரு அல.

ஓர்க்கிட் என்றாலே மரக்கிளையில் தொற்றி வளர்வது என்று நினைப்போம். இது தரையில் வளர்வது. மண்ணுக்குள் கிழங்கு; மேலே மடிப்பு விழுந்த ஒடுங்கிய ஓரிரு இலைகள். பூக்காத நாட்களில் காலடியில் இருந்தாலும் புல்லென்றே தோன்றும். பூத்துவிட்டால் மறைக்க முடியாது. மெல்லிய தண்டின் நுனியில், உள்ளங்கையில் வைத்துப் பார்க்கும் அளவுக்குப் பெரிய, பளீரென்ற மஞ்சள் பூ. ஐந்து இதழ்கள் விரிந்து நிற்க, ஆறாவது மட்டும் வடிவம் மாறி, பூச்சி வந்து இறங்கும் திண்ணைபோல் முன்னே நீண்டிருக்கும்.

இதன் வாழ்க்கை மழையோடு கட்டுண்டது. தென்மேல் பருவக்காற்று மேற்கு மலைகளில் மழையைக் கொட்டிவிட்டு, வறண்ட காற்றாகவே ஊவாவுக்குள் இறங்குகிறது. ஆடி, ஆவணியில் புல் காய்ந்து சருகாகும்; தீயும் பிடிக்கும். அந்த மாதங்களைக் கடத்துவதற்கான நீரும் மாவுச்சத்தும் கிழங்கில் இருக்கின்றன. ஐப்பசி, கார்த்திகையில் பெருமழை பிடித்து நிலம் ஊறியதும் பத்தனைக்குத் திரும்பவும் உயிர் வரும்.

விதையிலிருந்து பெருகுவதோ பெரும்பாடு. ஓர்க்கிட் விதை தூசியைவிடக் கொஞ்சம்தான் பெரிது. முளைக்குத் தேவையான உணவு அதில் இல்லை. மண்ணிலுள்ள குறிப்பிட்ட பூஞ்சை ஊட்டினால்தான் அது முளைக்கும். ஐரோப்பிய ஓர்க்கிட் ஒன்றின் ஒரே காயில் ஏறத்தாழ 6,200 விதைகள் இருப்பதாக டார்வின் கணக்கிட்டார். அத்தனையும் முளைத்து, அவற்றின் வழித்தோன்றல்களும் அப்படியே பெருகினால், சில தலைமுறைகளில் பூமியில் வேறு செடிக்கு இடமிருக்காது. ஆனால் மிகச் சிலவே முளைத்து வளர்கின்றன. ஆகவே, வளர்ந்த கிழங்கு ஒன்றைத் தோண்டுவது எளிதில் ஈடுசெய்ய முடியாத இழப்பு. வசிய மருந்துக்கென்று இதைத்தான் தோண்டுகிறார்கள்.

அதைவிடப் பெரிய கேடு, நல்லெண்ணத்தோடு நடந்தது. வெறும் புல்தானே என்று பத்தனைகளில் பைனஸும் யூக்கலிப்டஸும் நட்டார்கள். வெயில் கேட்கும் புல்வெளிச் செடிக்கு மரநிழல் ஆகாது. மரம் நடுவது எல்லா நிலத்துக்கும் நன்மை என்ற எண்ணத்தை இங்கே கைவிட வேண்டும்.

இதன் நெருங்கிய உறவான இப்சியா மலபாரிகா கேரளத்துக்கு உரியது. அழிந்துபோனதாகக் கருதப்பட்ட அது, 1982இல் சைலன்ட் வேலியில் மீண்டும் கிடைத்தது. பின்னர் ஆய்வகத்தில் திசு வளர்ப்பு முறையில் அதைப் பெருக்கினார்கள். ஊவாவின் செடியையும் அப்படிப் பெருக்கலாம். ஆனால் திரும்ப நடுவதற்குப் பத்தனை மிஞ்சியிருக்க வேண்டும்.